கம்பியும் பொறுமையும்

எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறவந்த தொல்காப்பியர், எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் எட்டு உறுப்புகளை எண்ணுகின்றார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பன அவை. மேற்பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும். பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்பன அவர் கண்ட நுட்பங்கள். பல்லை உணவு அரைக்கும் கருவி என்றும், முல்லை அரும்புக்கும் முத்துக்கும் ஒப்பான அழகு என்றும் மட்டுமே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது மொழிக்கும் கருவி என்பதை மறந்துவிடுகின்றோம். தமிழ்த்துறை மலரில் பல்லைப் பற்றி எழுத யாம் துணிந்தமைக்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் எம் வகுப்பறை. செய்யுள் நடத்தும்போது மாணவரை ஒவ்வொருவராக எழுந்து படிக்கச் சொல்வது எம் வழக்கம். கையால் வாயை மறைத்துக்கொண்டு படிப்போர் ஆண்டுதோறும் ஒருவரோ இருவரோ இருப்பர். தெற்றுப்பல்லோ எத்துப்பல்லோ அவர்தம் குரலை அடக்கிவைத்திருக்கும். அண்மைக் காலத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலிருந்து வரும் மாணவர் சிலர் பல்லில் கம்பியுடன் வருகின்றனர். லஸ் முனையிலிருந்து பாண்டி பஜார் வரை பல் மருத்துவர்தம் பெயர்ப் பலகைகள் பெருகியுள்ள காலம் இது. ஆயினும், கம்பி போடுவதன் முறையையும் பயனையும் அறிந்து போடுவோர் சிலரே. எம் குடும்பத்தார் இருவர் இம்மருத்துவம் பெற்றபோது உடனிருந்து அறிந்தவற்றையும், மருத்துவர்களைக் கேட்டுத் தெளிந்தவற்றையும் இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

வரலாற்றில் சில சுவடுகள்

பல்லைச் சீர்செய்யும் வேட்கை புதியதன்று. கி.பி. 936 முதல் 1013 வரை வாழ்ந்த குர்துபா நகரத்து அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையை விளக்கியுள்ளார்; வரிசை தவறி முளைத்த பல்லை அரத்தால் அராவும் முறையையும் கூறியுள்ளார். இத்துறையைத் தனி அறிவியலாக வளர்த்தவர் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நிலையைக் கொண்டு அவர் 1899-இல் வகுத்த பாகுபாட்டை இன்றும் மாணவர் பயில்கின்றனர். நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. 1964-இல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெருமகனாரின் பெயரையே அக்கல்லூரி இன்று தாங்கி நிற்கின்றது.

எலும்புக்குள் நிகழும் வேலை

பல் எலும்பில் அறையப்பட்ட ஆணி அன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்தசை ஒன்று உண்டு. பல்லின்மீது ஒட்டிய சிறு பிடிகளின் வழியே செல்லும் கம்பி, இடைவிடாத மென்மையான அழுத்தத்தைத் தருகின்றது. பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகின்றது. அது விட்டுச் சென்ற பக்கத்தில் புதிய எலும்பு படிகின்றது. இவ்வாறு ஒரு பல் நகரும் தொலைவு மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அழுத்தத்தைக் கூட்டினால் விரைவு கூடும் என்பது தவறு. மிகை அழுத்தம் வேரையே தேய்த்துவிடும். ஆகவேதான் முழு மருத்துவத்திற்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. "நான்கு மாதத்தில் நிக்காஹ், அதற்குள் முடித்துத் தாருங்கள்" என்று பெற்றோர் வேண்டுவதும், மருத்துவர் தலையசைத்து மறுப்பதும் இந்நகரில் அன்றாடக் காட்சி. நாள் குறிப்பது நம் கையில் உள்ளது. எலும்பு வளர்வது நம் கையில் இல்லை.

தொடங்குமுன் அறியத்தக்கவை

ஏழு வயதளவில் ஒருமுறை குழந்தையின் பல்வரிசையைக் காட்டிவிடுதல் நலம். விரல் சூப்புதல், வாயால் மூச்சுவிடுதல் முதலியவற்றால் தாடை மாறுபடுவதை அப்போதே கண்டுகொள்ளலாம். கம்பி போடுவதற்குப் பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு வயது ஏற்றது. ஈறும் எலும்பும் நலமாக இருப்பின் நாற்பதிலும் தடையில்லை. சொத்தையும் ஈறு நோயும் இருப்பின் முதலில் அவற்றைத் தீர்த்தல் வேண்டும். பி.டி.எஸ். பட்டத்திற்குப் பின் இத்துறையில் மூன்றாண்டு எம்.டி.எஸ். பயின்றவரா என்று கேட்டறிவதில் நாணம் வேண்டா. கம்பிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் உறைகளும் இப்போது கிடைக்கின்றன. எல்லா வகைக் கோணலுக்கும் அவை பொருந்தா. நாளில் இருபது மணிக்கும் மேலாக அணிந்தாலன்றிப் பயன் தாரா.

இடம் போதாதபோது மருத்துவர் சில பற்களை எடுக்கச் சொல்வதுண்டு. எம் தமக்கையின் மகளுக்கு அவ்வாறு சொன்னபோது, வீட்டிலிருந்த மூதாட்டி, "மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும், வேண்டாம்" என்று அழுதுவிட்டார். இவ்வச்சம் நம் வீடுகளில் வேரூன்றிய ஒன்று. பல்லின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு. பார்வையைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு. முறையாகப் பல் எடுப்பதால் பார்வை குன்றுவதில்லை. மருத்துவரே இதனை அம்மூதாட்டிக்குப் பரிவுடன் படம் வரைந்து விளக்கினார். முதியோரின் அச்சத்தை எள்ளி நகையாடாது தெளிவித்தல் மருத்துவத்தின் ஒரு பகுதியே எனலாம்.

கம்பியோடு வாழ்தல்

கம்பி இறுக்கிய முதல் இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், பின்னர்த் தணியும். கன்னத்தில் உராயும் இடத்தில் மருத்துவர் தரும் மெழுகை ஒட்டிக்கொள்ளலாம். இளஞ்சூட்டு உப்பு நீரால் கொப்பளிக்கலாம். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, நோன்புக் கஞ்சி ஆகியவை அந்நாள்களுக்கு ஏற்றவை. முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் ஆகியவற்றுக்கு விடை கொடுத்துவிட வேண்டும். பிரியாணியை விலக்க வேண்டா. எலும்பைக் கடிப்பதை மட்டும் விலக்குக. ஒரு பிடி பெயர்ந்தால் சில வார முன்னேற்றம் வீணாகும்.

உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் துலக்குதல் கட்டாயம். பிடிகளைச் சுற்றித் தங்கும் உணவால் பல்லில் வெண்புள்ளிகள் தோன்றும். கம்பியைக் கழற்றும் நாளில், நேரான பல்லின்மேல் அழியாத கறையைக் காண்பதைவிட ஏமாற்றம் வேறில்லை. ரமளானில் கம்பி அணிந்தோர் சஹர் உணவுக்குப் பின்னும் நோன்பு திறந்த பின்னும் நிதானமாகத் துலக்குதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்வராக. நான்கு முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறை மருத்துவரைக் காணத் தவறலாகாது.

கம்பி கழன்ற பின்

யாம் முதன்மையாகச் சொல்ல வந்தது இதுவே. கம்பியைக் கழற்றிய நாளில் மருத்துவம் முடிவதில்லை. புதிய எலும்பு உறுதிப்படவும் ஈற்று நார்கள் புதிய இடத்துக்குப் பழகவும் பல மாதங்கள் தேவை. அதுவரை பல் பழைய இடத்தையே நாடும். அதனைத் தடுக்கவே 'ரிடெய்னர்' என்னும் தட்டைத் தருகின்றனர். தொடக்க மாதங்களில் ஏறக்குறைய நாள் முழுதும், பின்னர்ப் பல்லாண்டு இரவுதோறும் அதனை அணிதல் வேண்டும்.

மேற்சொன்ன எம் தமக்கை மகளுக்கு இருபது மாதம் மருத்துவம் நடந்து, பல்வரிசை அழகுற அமைந்தது. அடுத்த மாதமே திருமணம். புகுந்த வீட்டில் இரவில் தட்டை அணிய அவள் கூச்சப்பட்டாள். "பல்லில் என்ன குறை என்று கேட்பார்களோ" என்னும் அச்சம். தட்டு அலமாரியில் உறங்கியது. ஓராண்டில் முன்பற்கள் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அவளுக்குப் பல்லைச் சீர்செய்யச் செலவிட்ட குடும்பம், அதனைக் காத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டென்று அவளிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. பிறர் பார்வைக்காகத் தொடங்கிய மருத்துவம் பிறர் பார்வைக்கு அஞ்சியே பாழாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, பள்ளி ஆசிரியையாகப் பணியேற்று, தன் ஊதியத்தில் அவளே மீண்டும் கம்பி போட்டுக்கொண்டாள். இம்முறை எவரிடமும் மறைக்கவில்லை, தட்டையும் தவறவில்லை.

செலவைக் கருதித் தயங்குவோர்க்கு ஒரு சொல். தனியார் மருத்துவமனைகளில் இதற்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகும். சென்னைக் கோட்டை இரயில் நிலையத்தின் எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-இல் தோன்றிய அந்நிறுவனத்தில் இதற்கெனத் தனித்துறை உண்டு. காத்திருக்க நேரலாம், ஆயினும் எளியோரும் அணுகத்தக்க இடம் அது. மயிலாப்பூரிலிருந்து பறக்கும் இரயிலில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கிவிடலாம்.

மாணவச் செல்வங்களே! பல் கோணலாக இருப்பது குற்றமன்று. அதனால் உண்ணவும் துலக்கவும் பேசவும் இடர் இல்லையெனில், அப்படியே விட்டுவிடுவதும் இழுக்கன்று. சீர்செய்ய விரும்பின் உங்கள் நலம் கருதிச் செய்க. திருமண நாளைக் கருதி அன்று. பெற்றோர்களே! கம்பிக்குப் பணம் தருவதோடு நில்லாது, அது கழன்ற பின்னும் தட்டை அணியும் துணிவைத் தருக. அடுத்த செய்யுள் வகுப்பில் எம் மாணவர் யாவரும் கையை வாயினின்று எடுத்துவிட்டு, தகரமும் நகரமும் வகரமும் அவை பிறக்கவேண்டிய இடத்திலேயே பிறக்க, உரக்கப் படிக்கக் கேட்க விழைகின்றோம். கம்பி அணிந்தோரும் படிக்கலாம். ஒலி சற்றுப் பிசகினும் யாம் பொறுத்துக் கேட்போம்.