மூடிய துறைமுகமும் மாலுமிகளின் சிநேகமும்

பெர்கன், நார்வே



இவ்வூர்த் துறைமுகத்தில் மூன்று பாய்மரங்களுடன் நிற்கும் 'ஸ்டாட்ஸ்ராட் லேம்குல்' என்னும் பயிற்சிக் கப்பல், 1914இல் ஜெர்மனியின் டெக்லன்போர்க் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. அதே தளம் 1926இல் கடலில் இறக்கிய 'படுவா' என்னும் நான்கு மரக் கப்பலோ, இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் சோவியத் நாட்டின் வசமாகி, 'குரூஸென்ஷ்டெர்ன்' என்று பெயர் மாறி, இன்று ருஷ்யக் கொடியைத் தாங்கியிருக்கிறது. ஒரே தாய்வீட்டில் பிறந்த இவ்விரண்டும் இன்று இத்துறையில் அடுத்தடுத்து நிற்க வழியில்லை. உக்ரேன் மீது நடந்த படையெடுப்பை அடுத்து, 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியமும் மே மாதத்தில் நார்வேயும் பெரும்பாலான ருஷ்யக் கப்பல்களுக்குத் தம் துறைமுகங்களை மூடிவிட்டன.

1956இல் டோர்பேயிலிருந்து லிஸ்பனுக்கு முதன்முதலாக நடந்த பாய்க்கப்பல் பந்தயத்தின் வழிவந்த, இத்தகைய பயிற்சிக் கப்பல்கள் கலந்துகொள்ளும் போட்டிகளில், கப்பலில் இருப்போரில் பாதிப்பேராவது பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பந்தயங்களுக்கு நடுவே போட்டியின்றிச் சேர்ந்து செல்லும் பிரயாணமும் உண்டு. அப்போது ஒரு கப்பலின் பிள்ளைகள் இன்னொரு கப்பலுக்கு மாறி அங்கே வேலை செய்வார்கள். பனிப்போரின் நடுவிலே, 1974இல், சோவியத் கப்பல்களும் இப்பந்தயத்துக்கு வந்து சேர்ந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ருஷ்யக் கப்பல்களுக்கு இத்துறை திறந்திருந்த காலத்தில் நான் கண்ட காட்சி ஒன்று. பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலைத் திருப்பும் கயிற்றைப் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நார்வேப் பெண்ணொருத்தியின் உள்ளங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. அவளுக்குப் பின்னே நின்ற ருஷ்யப் பையன் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் கையில் சுற்றிவிட்டு, அவளுடைய இடத்தில் தானே முன்வந்து நின்று இழுத்தான். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அதற்கு அவசியமும் நேரவில்லை.

ஆயினும் இந்தச் சிநேகத்தைக் காரணம் காட்டி, துறைமுகத்தை மூடியது அநியாயம் என்று வாதிப்போருடன் எனக்கு உடன்பாடு இல்லை. 2019 ஏப்ரலில் 'செடோவ்' என்னும் ருஷ்யப் பயிற்சிக் கப்பலுக்குப் போலந்து பிரவேசம் மறுத்தது; கிரைமியாவின் கெர்ச் நகர மாணவர்கள் அதில் இருந்ததே காரணம். அம்மாணவர்கள் மீது யாருக்கும் பகை இல்லை. ஆனால் ஓர் அரசாங்கம் தான் அபகரித்த நிலத்தின் பிள்ளைகளைக் கப்பலேற்றி ஊர் ஊராக அனுப்பும்போது, அவர்களை வரவேற்பது அந்த அபகரிப்பையும் வரவேற்பதாக ஆகிவிடுமே! அதே கெர்ச் துறையில் உக்ரேனுக்கு உரியதாயிருந்த 'கெர்சொனெஸ்', போலந்தின் கிதான்ஸ்க் தளத்தில் கட்டப்பட்ட அழகிய கப்பல், 2014இல் கிரைமியாவோடு சேர்ந்தே ருஷ்யாவின் கைக்குப் போயிற்று. அதில் ஏறிப் பாய் விரிக்கவேண்டிய உக்ரேனியப் பிள்ளைகளின் இழப்பை மறந்துவிட்டு, அழைப்பில்லாத கப்பலுக்காக மட்டும் கண்ணீர் விடுவது எப்படி மாலுமிகளின் ஒற்றுமை ஆகும்?

என் அண்டைவீட்டுக்காரர் ஒருவர், வாலிபத்தில் இப்பந்தயங்களில் சென்றவர். ருஷ்யாவின் கலினின்கிராடில் உள்ள பழைய தோழருக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதுவார். யுத்தம் மூண்ட ஆண்டில், "உன் நாடு செய்வது தவறு, உன் மீது எனக்குள்ள அன்பு மாறவில்லை" என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினார். எழுதுவதற்கு முன் பல இரவுகள் உறக்கமின்றி யோசித்ததாக அவர் மனைவி என்னிடம் கூறினார். மாலுமிகளின் ஒற்றுமை என்று நான் கருதுவது அந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துத்தான்.

துறைமுகங்கள் மீண்டும் திறக்கும் காலம் வரும்போது, கெர்சொனெஸ் கப்பலுக்கு உரியவர்கள் யார் என்ற கேள்வியைத்தான் முதலில் தீர்த்தாக வேண்டும். அதுவரை, உக்ரேனின் ஒடெஸ்ஸாவிலும் கெர்சோனிலும் உள்ள இளைஞர்களுக்கு இங்குள்ள பயிற்சிக் கப்பல்கள் கட்டணமின்றி இடம் ஒதுக்க வேண்டும் என்பதே, இக்கரையில் நான் சந்திக்கும் கப்பல்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவரும் விண்ணப்பம்.