துவக்கு வாங்கிய படலம்

பொன் வாங்குவோர் உரைகல்லை நாடுவர். மாடு வாங்குவோர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். காணி வாங்குவோர் உறுதியைத் தோம்போடு ஒப்புநோக்குவர். பழைய படைத்துவக்கு ஒன்றை வாங்க விழைவோர் எதனை நோக்க வேண்டும்? கல்லூரி விழா மலரிலே இத்தகைய வினாவா என அன்பர் சிலர் முறுவலிக்கக் கூடும். எனினும், துவக்கு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நெஞ்சு துணுக்குறும் தலைமுறையைச் சேர்ந்தவர் நாம். ஆதலின், அதனை வாங்குமிடத்தைத் தெரிவு செய்தமை எமக்கு வெறும் சந்தை அலுவலாக இருக்கவில்லை.

நாம் என்பது இருவரைக் குறிக்கும். கல்லூரியில் ஒரே வாங்கில் அமர்ந்து, கடேற் படையில் ஒரே வரிசையில் நடைபயின்ற நாம், இந்நாளிற் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அயலவராய் வாழ்ந்து வருகின்றோம். உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய பின்னர், குறிபார்த்துச் சுடும் கழகமொன்றில் அங்கத்தவரானோம். ஆங்கு, உலக யுத்த காலத்துத் துவக்குகளால் மாத்திரம் நூறு யார் தூரத்து இலக்கைச் சுடும் போட்டி ஒன்றுண்டு. மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, விரலை மெல்ல வளைக்கும் அக்கலை முதியோருக்கும் இயைந்ததே. கழகத்துத் துவக்கை இரவல் வாங்கிச் சுட்டு வந்த நாம், சொந்தமாக ஒன்று கொள்ளக் கருதினோம்.

இச்செய்தி வீட்டை எட்டியதும், எம்முள் ஒருவரின் இல்லாள், “இஞ்சேருங்கோ, வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். காசு குடுத்து அதையே வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறியளோ?” என்றார்.

நேரிய வினா. அதற்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. வன்னியிலே பன்றியினின்றும் பயிரைக் காத்த இடியன் துவக்கை நாம் சிறு வயதிலேயே அறிவோம். அதற்கு ஊரில் எவரும் அஞ்சியதில்லை. பின்னாளில், 1983 தொடங்கி 2009 வரை நீடித்த யுத்தத்தில், நாமும் எம்மவரும் அஞ்சியவை எவருக்கும் கணக்குக் கூறாத துவக்குகளையே. எங்கிருந்து வந்தது, யார் கையில் இருக்கின்றது, அவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இல்லாவிடத்தே துவக்கு எமனாகின்றது. ஆதலின், இம்மூன்றுக்கும் விடை கூறவல்ல துவக்கையே வாங்குவோம் என்றும், அத்தகையது கிட்டாதாயின் வெறுங்கையோடு திரும்புவோம் என்றும் அம்மையாருக்கு வாக்களித்தோம்.

நாம் நாடியது, கடேற் படையில் ‘திறீ நோட் திறீ’ என்று வழங்கிய லீ என்பீல்ட் துவக்கையே. அதன் தாழையும் ரவைக்கூட்டையும் வகுத்தவர் ஜேம்ஸ் பரிஸ் லீ. அவர் ஸ்கொத்லாந்திற் பிறந்து, ஒன்ராறியோவின் கோல்ற் என்னும் ஊரில் வளர்ந்தவர். அவ்வமைப்போடு இங்கிலாந்தின் என்பீல்ட் தொழிற்சாலையில் வகுக்கப்பட்ட குழலும் சேர, 1895 இல் லீ என்பீல்ட் என்னும் பெயர் நிலைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ரொறன்ரோவின் மேற்கே லோங் பிராஞ்சில் கனடிய அரசு நிறுவிய தொழிற்சாலை, 1941 முதல் இதன் நான்காம் இலக்க வகையில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் துவக்குகளை ஆக்கியது. ஆங்கு உழைத்தோருட் பெரும்பாலோர் பெண்கள். அத்தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டடம் இன்று மிசிசாகா நகரின் கலைக்கூடமாக விளங்குகின்றது. 1947 இல் அமைக்கப்பெற்ற கனடிய றேஞ்சர் படையினர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வடபுலப் பனிவெளியில் இத்துவக்கையே தாங்கினர் என்பதொன்றே அதன் உறுதிக்குச் சான்று.

யுத்தம் ஓய்ந்த பின்னர், எஞ்சிய துவக்குகள் பொதுமக்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. மானும் மூசும் வேட்டையாடுவோர் பலர், பாரம் குறைக்கக் கருதி முன்மரத்தை அரிந்து எறிந்தனர். ஆதலின், படையில் இருந்த கோலம் குலையாத துவக்கு இன்று அரிதாகிவிட்டது. அரிதாகிய எப்பொருளையும் சூழ்ந்து பொய்யும் புனைவும் வளர்தல் உலக வழக்கு.

கனடாவிலே துவக்கு வாங்குவோன் முதலிற் பாதுகாப்புப் பயிற்சி பெற்றுப் பரீட்சையிற் சித்தியெய்தி, அரசின் அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டும். 2022 மே மாதம் முதல், தனியார் விற்பினும் கடைக்காரர் விற்பினும், வாங்குவோனின் பத்திரம் செல்லுபடியானதோ என்பதை அரசின் பதிவாளரிடம் உசாவி உறுதிசெய்த பின்னரே கைமாற்ற வேண்டும் என்பது சட்டம். கடைக்காரர் அவ்விற்பனைக் குறிப்பை இருபது ஆண்டுகள் பேணவும் வேண்டும். பத்திரங்களை முறைப்படி பெற்றுக்கொண்டு நாம் நான்கு இடங்களை நாடினோம்.

முதலிற் சென்றது ஓர் ஏலம். அழகிய மரமும் மங்காத இரும்பும் கொண்ட துவக்கொன்று ஆங்கிருந்தது. அதன் உடலைத் திருப்பிப் பார்த்தபோது, ‘டி.பி.’ என்னும் ஆங்கில எழுத்துக்கள் இரண்டு ஆழமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. நடைப்பயிற்சிக்கு மட்டும் உரியது, சுடத் தகாதது என்பது அவ்வெழுத்துக்களின் பொருள். பள்ளி நாட்களில் நாம் தோளிற் சாய்த்து நடந்தவற்றுள்ளும் அவ்வெழுத்துத் தாங்கியவை இருந்தமையால் அதனை எளிதில் அறிந்துகொண்டோம். ஏல விபரக் கொத்திலோ அதுபற்றி ஒரு சொல்தானும் இல்லை. ஏலத்தில் உள்ளது உள்ளபடியே விற்பனையாகும். சுத்தியல் விழுந்த பின்னர் முறையிட இடமில்லை. நாம் கை உயர்த்தவில்லை.

இரண்டாவது, வார இறுதியிற் கூடும் துவக்குச் சந்தை. மேசைக்கு மேசை துவக்குகள் நிரை நிரையாகக் கிடந்தன. ஆங்கு ஒருவர், இது நோர்மண்டிக் கரையில் இறங்கியது என்றார். மற்றொருவர், இது இத்தாலியிற் போர் கண்டது என்றார். கதை ஒவ்வொன்றுக்கும் விலை ஏறியது. ஆனால், தாழின் பிடியிற் பொறித்த இலக்கமும் உடலின் இடப்புறத்து இலக்கமும் ஏன் வேறுபடுகின்றன என்று வினவியபோது, கதை சொன்னவர் வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார்.

மூன்றாவதே எம்மை மெய்யாகச் சோதித்தது. ஒரு தனியார் தம் வீட்டிலே, இலக்கங்கள் யாவும் ஒத்த, முன்மரம் குறையாத லோங் பிராஞ்ச் துவக்கொன்றை வைத்திருந்தார். தவாளிப்புகள் கண்ணாடி போன்று மின்னின. விலையோ நாம் எண்ணி வந்ததிலும் குறைவு. எமது பத்திரங்களை நீட்டினோம். அவர் கையால் விலக்கி, கடதாசி அலுவலெல்லாம் எதற்கு, காசைத் தந்து கொண்டு போங்கள் என்றார். பதிவாளரிடம் உசாவி உறுதி எண் பெறும்படி இருமுறை வேண்டினோம்; அவர் இசையவில்லை. அத்துவக்கின் எடை இன்னும் எம் கையில் இருப்பது போலத் தோன்றுகின்றது. ஆனால், எமக்கு வினாவின்றித் தருபவர், நாளை வேறொருவருக்கும் வினாவின்றியே தருவார். நேற்று எவரிடமிருந்து வினாவின்றிப் பெற்றாரோ யாரறிவார்? அம்மையாரின் சொல் காதில் ஒலிக்க, வணக்கம் கூறி வெளியேறினோம்.

நான்காவதாகச் சென்றது சிற்றூரொன்றிலுள்ள பழைய கடை. உரிமையாளர் எம்மினும் வயது முதிர்ந்தவர். நாம் அவரை வினவ முன்னர் அவர் எம்மை வினவத் தொடங்கினார். பத்திரம் எங்கே? எக்கழகத்திற் சுடுகின்றீர்கள்? எதில் வைத்துப் பூட்டுவீர்கள்? பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வருவதுண்டோ? துவக்கையும் ரவையையும் வெவ்வேறிடத்தில் வைப்பீர்களோ? கல்லூரி அதிபர் முன் நிற்பது போன்று நின்று விடை பகர்ந்தோம்.

அதன் பின்னரே 1943 ஆம் ஆண்டுத் துவக்கொன்றை எடுத்து வந்தார். அதன் குறைகளையும் தாமே சொன்னார்: குழலில் ஐந்துக்குப் பதிலாக இரண்டே தவாளிப்புகள், அவை யுத்தகால அவசரத்தில் அவ்வாறு வெட்டப்பட்டவை, ஆயினும் நன்கு சுடும். பின்மரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. அதன் பின் இரு உருக்கு அளவிகளை எடுத்தார். தாழின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் இடையே, ரவையின் விளிம்பு அமரும் இடைவெளியை அளப்பவை அவை. 0.064 அங்குல அளவியை இட்டபோது தாழ் மூடிற்று, 0.074 அங்குல அளவியை இட்டபோது மூட மறுத்தது. இவ்விடைவெளி மிகுந்தால் ரவையின் பித்தளை உறை வெடித்துப் பிளந்து, கனல்வாயு சுடுவோனின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். இதன் பொருட்டே இத்துவக்கின் தாழ்முனை 0, 1, 2, 3 என இலக்கமிட்ட நான்கு நீளங்களில் ஆக்கப்பட்டது. தேய்வு கண்டால் அடுத்த இலக்கத்தை மாட்டலாம். எமது கண்ணின் விலை அவ்வளவியின் தடிப்பில் அடங்கியிருந்தது என்று கூறின் மிகையாகாது. முன்னைய மூவிடத்தும் அளவி என்னும் பேச்சே எழவில்லை.

பழைய படை ரவைகளை வாங்க வேண்டா எனவும் அவர் தடுத்தார். அவற்றிற் பலவற்றின் தீமூட்டி மருந்து, சுட்டபின் குழலில் உப்பைப் படியவிடும். அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிடின் குழல் துருவேறும். இவ்வாறு, தம்மிடம் கிடந்த சரக்கையே வாங்க வேண்டா என்று சொன்ன வணிகரை நாம் அன்றுதான் கண்டோம். பின்னர், பதிவாளரிடம் உசாவி உறுதி எண் பெற்று, அதனைப் பேரேட்டிற் பதிந்து, துவக்குக்குப் பூட்டிட்டுத் தந்தார். விலை, தனியார் வீட்டில் விட்டு வந்ததிலும் மூன்றிலொரு பங்கு அதிகம். அம்மிகை இரும்புக்கும் மரத்துக்கும் கொடுத்ததன்று. அப்பேரேட்டில் எழுதிய ஒரு வரிக்குக் கொடுத்தது.

இன்று அத்துவக்கு வீட்டின் நிலக்கீழறையில் இரும்புப் பேழையினுள் இருக்கின்றது. ரவைகள் வேறோரிடத்திற் பூட்டப்பட்டுள்ளன. பேழைத் திறப்பு எம்மிடமும் ரவைப் பெட்டித் திறப்பு அம்மையாரிடமும் உள்ளன; இவ்வேற்பாட்டை விதித்தவரும் அவரே. ஞாயிறுதோறும் திறப்புக் கேட்கும்போது, எங்கே செல்கின்றோம், யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அவர் வினவுவார். விடை கூறியே திறப்பைப் பெறுகின்றோம்.

கல்லூரியின் இளந்தலைமுறையினர் வெளிநாடுகளிற் பலவாறான பொருள்களை வாங்குவர். துவக்கு வாங்குவோர் சிலராகவே இருப்பர். அச்சிலருக்கு நாம் கூறுவது இது: துவக்கை ஆராயுமுன் விற்போனை ஆராய்க. தன் சரக்கின் குறையைத் தானே சொல்பவனிடம் செல்க. நீவிர் யார் என்று கேளாதவன் காட்டும் துவக்கு எத்துணை அழகியதாயினும், அதனை மேசையிலேயே விட்டு வருக.