மணலில் ஒரு கோடு

கோல்ஃப் என்றதும் வாசகர்களுள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பணம் படைத்தோர் பொழுதுபோக்கு நமக்கெதற்கு என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். 1989ஆம் ஆண்டு துபாயில் நாம் கணக்கராய்ப் பணியாற்றிய வணிக நிறுவனத்தின் மேலாளர், வியாழக்கிழமை மாலைகளில் நம்மையும் உடன் அழைத்துச் செல்லத் தொடங்கினார். முதலில் மறுக்க மாட்டாமல் சென்றோம். பிறகு அவர் அழைக்காத நாட்களிலும் சென்றோம்.

அதற்கு முந்திய ஆண்டுதான், 1988இல், எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் புல்வெளி பாலை நடுவே பச்சைக் கம்பளமாய் விரிந்தது. நம்போன்றோர் ஆடியதோ மணற்களத்தில். ஆளுக்கொரு துண்டுச் செயற்கைப் புல்விரிப்பைக் கையோடு கொண்டு போகவேண்டும். நடுப்பாதையில் பந்து விழுந்தால் அதனைத் துண்டின்மீது எடுத்துவைத்து அடிக்கலாம். பாதைக்கு வெளியே விழுந்தால் மணலோடு மணலாய்க் கிடந்தபடியே அடித்தாக வேண்டும். குழியைச் சூழ்ந்த இடமும் பசுமையாயிராது. எண்ணெய் கலந்த மணலை வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள், பழுப்பு நிறமாயிருக்கும். ஆடி முடித்தவர் தம் காலடித் தடங்களைத் தாமே இழுத்துச் சமன்செய்துவிட்டுப் போகவேண்டும் என்பது அங்கே மரபு. அந்த மரபு இன்றும் நம் நினைவில் இனிக்கிறது.

ஆட்டம் வாய்த்ததா எனில், இல்லை. பந்துக்குப் பின்னால் மணலை அள்ளினோம். சில வேளை பந்தைத் தொடாமலே சுழன்று நின்றோம். பயிற்சியாளர் ஒருவரிடம் போனோம். தலை அசையவே கூடாது என்றார் அவர். மூன்று மாதங்கழித்து வேறொருவர், தலையைக் கல்லாய் இறுக்கி வைத்ததுதான் கேடு, உடல் எடையை வலக்காலுக்கு மாற்றுக என்றார். மூன்றாமவர் எடை இடக்காலை விட்டு அகலவே கூடாது என்று முடித்துவிட்டார். மூவரும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். மூவரும் கூலி வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

ஆசான்கள் முரண்பட்டால் நூல்களை நாடுவோம் என்று நூல்களைத் திறந்தோம். அங்கேயும் அதே கதை. 1953இல் டாமி ஆர்மர் எழுதிய நூல் வலக்கையால் ஓங்கி அடிக்கச் சொல்கிறது. 1957இல் வெளிவந்த பென் ஹோகனின் ஐந்து பாடங்கள், கீழ்வீச்சை இடுப்பே தொடங்க வேண்டும் என்கிறது. முதல் உலகப் போரில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தும் மீண்டும் களத்தில் இறங்கி ஆடிய ஏர்னெஸ்ட் ஜோன்ஸோ, உடலை மறந்துவிட்டு மட்டையின் தலையை மட்டும் வீசுக என்று கற்பித்தார். கைக்குட்டையின் நுனியில் ஒரு பேனாக்கத்தியைக் கட்டி ஊஞ்சலாட்டிக் காட்டுவது அவர் வழக்கம். ஒற்றைக்காலர் ஒருவர் இடுப்பைப் பற்றிக் கவலைப்படாததில் வியப்பில்லை என்று அப்போது ஏளனமாக நினைத்தோம். அந்த ஏளனத்துக்கு இன்று வெட்கப்படுகிறோம்.

நாம் நம்மை மட்டும் கெடுத்துக்கொண்டிருந்தால் இதனை எழுத வேண்டியதில்லை. நம் அலுவலகத்தில் கீழக்கரை இளைஞர் ஒருவர் இருந்தார். பள்ளியில் கிரிக்கெட் ஆடியவர். ஒருநாள் அவரையும் களத்துக்கு அழைத்துப் போனோம். எவரும் சொல்லித் தராமலே அவர் மட்டையை வீச, பந்து நேராய்ப் பறந்தது. அதைக் கண்ட நமக்கு மகிழ்ச்சியோடு வேறொன்றும் உண்டாயிற்று. அதற்குப் பொறாமை என்று பெயர் வைப்பதே நேர்மை. அந்நாளில் நாம் ஹோகனின் இரகசியத்தைக் கற்றறிந்து பூரித்திருந்த வேளை. 1955இல் லைஃப் இதழ் வெளியிட்ட இரகசியம் அது: மேல்வீச்சின் உச்சியில் இட மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாய்ச் சற்றே மடக்குதல். நம் தம்பிக்கு அதனைப் போதித்தோம். ஒரு வாரம் விடாமல் போதித்தோம்.

பந்து வலப்புறமாய் வளைந்தோடத் தொடங்கியது. திருத்தத் திருத்த மேலும் வளைந்தது. மூன்றாம் மாதம் அவர் மட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, "காக்கா, இது நமக்குச் சரிப்படாது. விட்டுவிடுங்கள்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அதன்பின் வியாழன் மாலைகளில் நம்மோடு வரவில்லை. அலுவலகத்திலும் பேச்சு முன்போல் இல்லை.

என்ன பிழை செய்தோம் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. ஹோகனை இளமையில் வாட்டிய நோய், பந்து இடப்புறமாய் வளைந்தோடுவது. மணிக்கட்டு மடிந்தால் மட்டையின் முகம் வலப்புறமாய்த் திறக்கும். இட வளைவு மறையும். அவர் கண்டது தம் நோய்க்கு மருந்து. புதிதாய் ஆடுவோரில் பெரும்பாலோர்க்கோ பந்து வலப்புறம் வளைவதே நோய். அவர்களுக்கு அம்மருந்து நஞ்சு. நோயே இல்லாத தம்பிக்கு நாம் அதனைப் புகட்டினோம்.

நம்மைத் திருத்தியவர் பயிற்சியாளர் அல்லர். எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளராயிருந்த முதிய ஸ்காட்லாந்துக்காரர். அவர் நம் தலையையும் பார்க்கவில்லை, இடுப்பையும் பார்க்கவில்லை. பந்து எங்கே புறப்பட்டது, எப்படி வளைந்தது, மணலில் தடம் எங்கே விழுந்தது என்று மட்டும் பார்த்தார். மட்டையும் பந்தும் தொட்டிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு கூறுதான் என்றும், அந்நேரத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசையையே பந்து பெரிதும் பற்றிப் புறப்படும் என்றும் 1968இல் காக்ரன், ஸ்டாப்ஸ் இருவரும் எழுதிய ஆய்வு நூலை எடுத்துக்காட்டி விளக்கினார். (பாடநூல்கள் பல இதனைத் தலைகீழாய்ச் சொல்லிக்கொண்டிருந்தன, டென்மார்க்கில் பிறந்த டிராக்மேன் என்னும் ராடார் கருவி பரவிய பின்னரே அப்பிழை பரவலாக ஒழிந்தது.) பிறகு விரலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். "பந்து வேண்டாம். தடம் இந்தக் கோட்டில் தொடங்கி, இலக்கை நோக்கி முன்னே போகட்டும். வேறெதையும் எண்ணாதீர்" என்றார்.

இருபது வீச்சு, முப்பது வீச்சு. தடம் முதலில் கோட்டுக்குப் பின்னே விழுந்தது. மெல்ல மெல்ல முன்னேறியது. எடை எந்தக் காலில் இருந்தது என்று நாம் பார்க்கவில்லை. கோட்டைத் தொடவேண்டும் என்ற ஒன்றே நினைவாயிருக்க, காலும் இடுப்பும் தத்தம் வேலையைத் தாமே செய்துகொண்டன. 1999இல் கப்ரியேலே வுல்ஃப் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும், கோல்ஃப் அறியாதோரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். தம் கைகளின் அசைவை எண்ணி அடித்தோரைவிட மட்டையின் வீச்சை எண்ணி அடித்தோர் நன்கு அடித்தனர். மறுநாளும் அவ்வேறுபாடு நிலைத்தது. அதனை வாசித்தபோது ஒற்றைக்கால் ஜோன்ஸின் கைக்குட்டை நம் கண்முன் ஆடியது.

ஆசான்கள் வேண்டா என்று நாம் கூறவில்லை. ஜாக் நிக்லஸ் மட்டையை உயரத் தூக்கி, வலமுழங்கையை வெளியே விட்டு வீசுவார். லீ டிரெவினோ காலைத் திறந்து வைத்துத் தம் போக்கில் வீசுவார். இருவரும் 1971 அமெரிக்க ஓப்பனில் சமநிலையில் நிற்க, மறுநாள் ஆடிய முடிவாட்டத்தில் டிரெவினோ 68, நிக்லஸ் 71. அதனாலே டிரெவினோவின் வீச்சு சரி, மற்றவர் வீச்சு தவறு என்று எவரும் சொல்லத் துணிந்தாரில்லை. நிக்லஸுக்கோ இளமை முதற்கொண்டு ஜாக் கிரவுட் என்னும் ஒரே ஆசான் வாய்த்தார். மூன்று திங்களுக்கொரு வாசல் ஏறிய நமக்கு அது உறைக்கவேண்டும்.

கீழக்கரைத் தம்பியை மீண்டும் களத்துக்கு அழைக்க நமக்கு ஓராண்டு ஆயிற்று. கூச்சந்தான். பிழை நம்முடையது, உங்கள் பழைய மணிக்கட்டே சரியானது என்று ஒருவாறு சொல்லி முடித்தோம். அவர் பதிலேதும் சொல்லவில்லை. குனிந்து மணலில் கிழித்திருந்த கோட்டைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா, காக்கா?"

"இவ்வளவுதான்."

மட்டையை வாங்கிக்கொண்டார். பொழுது சாயுமட்டும் கோட்டை அழிப்பதும் கிழிப்பதுமாயிருந்தார். பிறகு பந்தை வைத்தார். நாம் வாய் திறவாது பந்து பொறுக்கிக்கொண்டிருந்தோம்.