சோம்பேறித்தனம் இல்லைங்க, தைராய்டு!

மத்தியானம் கொஞ்சம் படுத்தால் ‘சோம்பேறி’. முடி கொட்டினால் ‘ஒழுங்கா எண்ணெய் வைக்கிறதில்ல’. எடை ஏறினால் ‘வாயைக் கட்டு’. இரண்டு வருடமாகச் சொந்தபந்தங்கள் எனக்குக் கொடுத்த பட்டங்கள் இவை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். எகிறி, டி.பி.ஓ. ஆன்டிபாடியும் அதிகம் என்று வந்தபோதுதான் அந்தக் களைப்புக்குப் பெயர் தெரிந்தது: ஹஷிமோட்டோ தைராய்டிட்டிஸ்.

ஹஷிமோட்டோ, ஜப்பானிய டாக்டர். நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டை ஆராய்ந்தவர், அதற்குள் லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதை 1912-ல் எழுதினார். நோயை எதிர்க்கும் அணுக்களுக்கு அங்கே என்ன வேலை? 1956-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் விடையைக் கண்டார்கள். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தத் தைராய்டுக்கே எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன!

“நம்ம உடம்புல டி செல், பி செல்னு காவலர்கள் இருக்காங்கம்மா” என்று விளக்கினார் என் டாக்டர். “உங்க தைராய்டையே அந்நியன்னு சில டி செல்கள் தப்பா நினைச்சுடுது. அதுங்க தூண்டிவிட, பி செல்கள் ஆன்டிபாடி தயாரிக்குது. இன்னொரு வகை டி செல்கள் நேராவே போய் தைராய்டு செல்களை அழிக்குது. ‘போதும், நிறுத்து’ன்னு அடக்குற செல்களும் இருக்கு. ஆனா, அதுங்க பேச்சு இங்கே எடுபடலை. சுரப்பி கொஞ்சம் கொஞ்சமா சேதமாகி, ஹார்மோன் குறைஞ்சுடுது.”

கேட்டதும் மனசு லேசானது. சோம்பலால் வந்த நோய் இல்லை. நோயால் வந்த சோர்வு!

தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்தே காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. இந்த மாத்திரை காவலர்களின் சண்டையை நிறுத்தாது. குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும். அதற்கே எனக்குப் பழைய தெம்பு மெள்ளத் திரும்பியது.

கல்லூரியில் படிக்கும் மகள் ஒருநாள், “எனக்கும் வருமாம்மா?” என்றாள். அடுத்த முறை டாக்டரிடம் அவளையே கேட்க வைத்தேன். “குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பெண்களுக்கு இன்னும் அதிகம். ஆனா, கட்டாயம் வரும்னு இல்லம்மா. அறிகுறி தெரிஞ்சா டெஸ்ட் பண்ணிக்கோ. கல்யாணமாகி குழந்தைக்குத் திட்டமிடும்போதும் மறக்காம பண்ணணும். முதல் சில மாசம் கரு, அம்மாவோட தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கும்” என்றார். மகள் முகம் தெளிந்தது. அதைவிட என் முகம்!

உங்கள் வீட்டிலும் எந்நேரமும் களைப்பாக இருக்கும் ஒருவர் இருக்கலாம். அதட்டுவதற்கு முன், ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்களேன்.