இறுக்கினால் தீராது

தோழர்களே, இன்று என் வண்டியின் செயினைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போன மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. காலைப் பேருந்து வரவில்லை என்று பக்கத்துக் கிராமத்து மாணவன் ஒருவன் போன் செய்தான். தேர்வு பத்து மணிக்கு. அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செஞ்சி சாலைக்கு வந்தேன். ஒரு மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகியதும் 'கடக் கடக்' என்று சத்தம். என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. செயின் கழன்றுவிட்டது. அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் அவனை ஏற்றிப் போனதால் மணியடிப்பதற்குள் தேர்வறைக்குப் போய்ச் சேர்ந்தான். அவர் வந்திருக்காவிட்டால்?

அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்கும்போதெல்லாம் செயினை இறுக்கிவிட்டு ஓட்டினேன்.

மறுநாள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "நீங்களே கழட்டிப் பாருங்க தோழர்" என்றார்.

செயின் ரப்பர் போல இழுபடுவதில்லை. கண்ணிக்குள் இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை அளவு இடைவெளிதான். நூறு கண்ணிகளில் அது சேரும்போது செயின் நீண்டுவிடுகிறது. நீண்ட செயின் பல்லில் சரியாக உட்காராமல் மேலேறித் தாவுகிறது. இறுக்கினால் தொய்வு போகும், தேய்மானம் போகாது.

கண்டுபிடிக்கும் வழிகளையும் அன்று அவரிடம் கற்றேன். முதலில் என்ஜினை அணைத்துவிடுங்கள். ஓடும் செயினிடம் விரலைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. அளந்தும் பார்க்கலாம். நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது 428 செயின். அதில் 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். 259 வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அடுத்து பற்களைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல வளைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டும் போய்விட்டது.

என்னுடையதில் செயின், பல் இரண்டுமே போயிருந்தன. முந்தின வருடம் காசு மிச்சம் பிடிக்க செயினை மட்டும் மாற்றியிருந்தேன். தேய்ந்த பழைய பற்கள் அந்தப் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிட்டன. முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் செட்டாக மாற்றுவதுதான் கடைசியில் மலிவு.

பழையதில் எத்தனை பல், எத்தனை கண்ணி என்று எண்ணிவிட்டு அதே அளவில் வாங்கினோம். மாட்டும்போது மூன்று இடங்களில் என்னைத் திருத்தினார். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் கிளிப் தெறித்துவிடும். அட்ஜஸ்டர் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணலாகும். கையேட்டில் சொன்ன தொய்வை விட வேண்டும். விறைப்பாக இறுக்கினால் பேரிங் கெடும். கடைசியில் ஆக்சில் நட்டை முறுக்கி, பின் பிரேக்கையும் சரிபார்த்தோம்.

கிரீஸ் படிந்த என் கையைப் பார்த்து, "படிச்ச புள்ளைக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். கைவேலையைக் கீழாகப் பார்க்கும் அந்தப் புத்தியோடுதானே நமக்குச் சண்டை? கற்றுக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மூன்று மாதம் சத்தத்தைக் கேட்டும் ஒதுக்கியதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

நம்மில் பலர் பழைய வண்டியில்தான் ஊர் ஊராகப் போகிறோம். பின்னால் யாராவது நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் செயினை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.