நெருப்பு அணைந்த பிறகு

நெருப்பணைக்கும் வண்டி மணியடித்துக்கொண்டு வீதியில் சென்றால், கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வராதவர் நம்மில் யார்? நானும் அப்படி ஓடிப் பார்த்தவன்தான். வீரர்கள் ஜ்வாலைக்குள் புகுவதைக் கண்டு வியக்கிறோம்; நெருப்பு அணைந்ததும் அவர்களை மறந்துவிடுகிறோம். ஆனால் அவர்களுடைய மார்புக்குள் புகுந்த புகை அவ்வளவு சீக்கிரத்தில் விடைபெற்றுக்கொள்வதில்லை.

2001-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் நகரத்தின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டு இடிந்தபோது, அந்நகரத் தீயணைப்புப் படையினர் 343 பேர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களோ மாதக்கணக்கில் அந்த இடிபாட்டில் தோழர்களின் உடல்களைத் தேடினார்கள். சிமெண்டும் கண்ணாடி இழையும் ஆஸ்பெஸ்டாஸும் பொடியாய்க் கலந்த காற்றை, ஆரம்ப நாட்களில் பலர் தகுந்த முகமூடியின்றியே சுவாசித்தார்கள். விடாத இருமல் பற்றிக்கொண்டது. சாதாரணமாகப் பன்னிரண்டு வருஷ மூப்பில் குறையக்கூடிய சுவாச சக்தி, ஒரே வருஷத்தில் குறைந்திருப்பதை வைத்தியர்கள் கண்டார்கள். அந்தத் தூசியால் நேர்ந்த வியாதிகளுக்கு இரையான படையினரின் தொகை 2023-இல் அதே 343-ஐ எட்டி, பிறகு அதையும் தாண்டிவிட்டது.

நெருப்பில் விழுந்து இறந்தவனுக்குச் சாட்சி வேண்டியதில்லை. இருமி இருமி இறப்பவன் விஷயம் அப்படியா? "இது சுருட்டுப் புகையால் வந்த நோயல்ல என்பதற்கு ருசு எங்கே?" என்று கேட்டுவிடலாம். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவன் விழுங்கிய புகைகளில் எதைப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது?

ஆகவேதான் அமெரிக்க ராஜ்யங்கள் பலவற்றில் ஒரு விதி ஏற்பட்டது. தேக பரிசோதனையில் தேறிப் படையில் சேர்ந்தவனுக்குப் பின்னர் சட்டம் குறிப்பிடும் நோய் கண்டால், அது உத்தியோகத்தால் வந்தது என்றே கொள்ளவேண்டும். இல்லை என்பவரே அதை ருசுப்படுத்தவேண்டும். கோபுரத் தூசியால் வந்த நோய்களுக்கும் நியூயார்க் ராஜ்யம் 2005-இல் இத்தகைய சட்டம் செய்தது. 2011 ஜனவரியில் கையெழுத்தான ஸட்ரோகா சட்டம் சிகிச்சைக்கு வழி செய்தது. 2015-இல் அந்த ஏற்பாடு 2090 வரையில் நீட்டிக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமோ, தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று 2022-இல் தீர்மானித்தது.

பதக்கம் சூட்டுவது சுலபம்; அதற்கு ஒரு நாள் போதும். சுவாசம் திணறும் மனிதனைக் கடைசிவரை காப்பாற்றுவதற்குச் சட்டம் வேண்டும். எரியும் வீட்டின் வாசலில் நின்று அவன் நம்மிடம் அத்தாட்சி எதுவும் கேட்பதில்லை. மூச்சுக்குத் தவித்து அவன் நம் வாசலில் நிற்கும்போது, அத்தாட்சி கொண்டு வா என்று நாம் மட்டும் சொல்வது நியாயமாகுமா?