தபால் அட்டையில் இருந்த காற்றாலை

‘காற்றாலை என்றால் மின்சாரம் மட்டும்தானா? அந்தக் காலத்தில் வேறு எதற்குப் பயன்பட்டது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மகளைப் பார்க்க நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகருக்குப் போனபோது கண்டதையே பதிலாகச் சொல்கிறேன்.

அங்கே பழைய சாமான் சந்தையில் கறுப்பு வெள்ளைத் தபால் அட்டை ஒன்று வாங்கினேன். வாய்க்கால் கரையில் ஒரு காற்றாலை. ஊர்ப் பெயர் இல்லை. மாவு அரைக்கும் ஆலை என்றுதான் நினைத்தேன். விவசாயம் படித்தவன் என்று பெயர்! இறக்கைகளின் நுனி ஏறக்குறையத் தரையைத் தொட்டது. மூட்டை வண்டி வந்து நிற்க அது தோதான இடமா? வாய்க்காலைக் கவனித்த பிறகே, தண்ணீர் இறைக்கும் ஆலை என்று புரிந்தது.

ஆலைத் தலையின் பின்புறத்திலிருந்து மரச்சட்டங்கள் கீழே இறங்கியிருந்தன. காற்று வரும் பக்கம் தலையைத் திருப்ப அவற்றைத்தான் இழுப்பார்கள். வட ஹாலந்தில் பல ஆலைகளில் இந்த வேலை உள்ளேயே நடக்கும். அதனால் தெற்கே தேடலாம் என்று, பக்கத்திலிருக்கும் கிண்டர்டைக் போனோம்.

அங்கே 19 காற்றாலைகள். 1997ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஒரு வரிசையில் 1738ல் கட்டிய வட்டமான செங்கல் ஆலைகள் எட்டு. எதிர்க்கரையில் 1740ல் கட்டிய, நாணல் வேய்ந்த எண்கோண ஆலைகள் எட்டு. என் அட்டையில் இருந்தது வட்டச் செங்கல் ஆலை.

நமக்குத் தண்ணீர் வராத கவலை; அவர்களுக்கு வடியாத கவலை. கரிமண் பூமி, வடிக்க வடிக்கத் தாழ்ந்துகொண்டே போகும். காற்றில் இறக்கை சுழல, துடுப்புகள் வைத்த பெரிய சக்கரம் வடிகால் நீரை மேலே உள்ள தேக்கத்துக்குத் தள்ளும். ஆற்று மட்டம் இறங்கியதும் மதகைத் திறந்து லெக் ஆற்றில் விடுவார்கள். 1868ல் நீராவிப் பம்பு வந்தது. ஆனாலும் இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் கிடைக்காதபோது, வயல்கள் மூழ்காமல் காத்தது இந்தக் கிழட்டு ஆலைகள்தான்.

எட்டில் என்னுடையது எது? அங்கிருந்த ஆலைக்காரரிடம் அட்டையைக் கொடுத்தேன். அவர் ஆலையை விட்டுவிட்டு இறக்கையையே உற்றுப் பார்த்தார்.

“மேல் இறக்கை உச்சிக்கு வருமுன் நின்றால் வீட்டில் விசேஷம். உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம். இது தாண்டி நிற்கிறது, ஐயா” என்றார்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.